புதிய காற்றுக் கைத்துப்பாக்கி இடப்பக்கம் தாழ்வாகச் சுடுகிறது: பிழை துப்பாக்கியிலா, என்னிலா?

ஒற்றைக்கை (வெள்ளவத்தை)

வணக்கம். பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகச் சுட்டு வருகிறேன். இதுவரை கழகத்துக்குச் சொந்தமான பழைய துப்பாக்கி ஒன்றையே பயன்படுத்தினேன். அதில் அறுபது வெடிகளுக்கு 540 புள்ளிகளுக்குச் சற்று மேலோ கீழோ எடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன்னர், விண்ணப்பம், அனுமதி, சுங்கம் என்று நீண்ட காலம் அலைந்த பின்னர், அழுத்தக் காற்றுச் சிலிண்டர் கொண்ட ஜெர்மன் தயாரிப்பு ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. விலையைச் சொன்னால் வீட்டில் இன்னொரு முறை பேச்சு எழும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

புதியது வந்த பின்னர் என் புள்ளி 512 ஆக இறங்கிவிட்டது. சன்னங்கள் பெரும்பாலும் எட்டாம் வளையத்தில், கடிகார முகத்தில் ஏழு மணி இருக்கும் திசையில், அதாவது இடப்பக்கம் தாழ்வாக விழுகின்றன. சன்னத்தை மேலே ஏற்றுவதற்காகப் பின்குறியின் (குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் பின்பக்கம் உள்ள வெட்டுத் தகட்டின்) திருகாணியைத் திருப்பினேன், சன்னம் இன்னும் கீழே போனது. மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் கீழே போனது. இரண்டு மாலைப் பொழுதுகள் இப்படியே கழிந்தன. வாங்கித் தந்த முகவரிடம் கேட்டபோது, "ஐயா, குழல் பழகுவதற்கு ஆயிரம் வெடிகளாவது வேண்டும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். குழலில் குறை இருக்குமோ என்ற சந்தேகம் என்னை உறங்க விடவில்லை. திருப்பி அனுப்புவதானால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

தம்பி, முதலில் திருகாணியிலிருந்து கையை எடுங்கள். இனி நான் சொல்லும் வரை அதைத் தொடாதீர்கள்.

துல்லியம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு வேறு விடயங்கள். சன்னங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது ஒன்று, அந்தக் கூட்டத்தின் நடு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மற்றொன்று. கூட்டம் சிறியதாக இருந்து இடம் மட்டும் தவறினால் அது பெரும்பாலும் குறிகளின் அமைப்பையோ கைப்பிடியையோ சார்ந்தது. கூட்டமே பரந்து கிடந்தால் சன்னம், குழல், தளர்ந்த ஆணி, கண், விசையை இழுக்கும் விரல் என்று பட்டியல் நீளும். நீங்கள் "எட்டாம் வளையம், ஏழு மணி" என்று எழுதியதில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அட்டையை எடுத்து, கூட்டத்தின் நடுவை அடிமட்டத்தால் அளந்து, மையத்திலிருந்து இடப்பக்கம் எத்தனை மில்லிமீற்றர், கீழே எத்தனை மில்லிமீற்றர் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

மில்லிமீற்றரில் கேட்பதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., அடுத்தடுத்த வளையங்கள் ஒவ்வொன்றும் 16 மி.மீ. கூடிச் செல்கின்றன. சன்னத்தின் விட்டம் 4.5 மி.மீ., அதன் விளிம்பு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும். ஆகவே சன்னத்தின் நடு, மையத்திலிருந்து 8 மி.மீ. தூரத்துக்குள் விழுந்தால் பத்து, 16 மி.மீ. தூரத்துக்குள் ஒன்பது, 24 மி.மீ. தூரத்துக்குள் எட்டு. எட்டு எட்டாகக் கூடும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால், புள்ளி அட்டையைப் பார்த்தே பிழையின் அளவைச் சொல்லிவிடலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் பின்குறியின் வெட்டுக்குள் முன்குறி அரை மில்லிமீற்றர் தாழ்ந்தால் அட்டையில் 15 மி.மீ. தாழும். ஆனால் குறிகள் இரண்டும் சரியாக ஒன்றிய நிலையில் கை முழுவதும் அரை மில்லிமீற்றர் தாழ்ந்தால் அட்டையிலும் அரை மில்லிமீற்றர்தான் தாழும். கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் முன்குறி சரிவதைக் கவனிப்பதில்லை.

பஞ்சிகாவத்தைக் கடைசல்

நான் கடைசல் பட்டறை வைத்திருப்பவன், வார இறுதிகளில் மட்டும் சுடுகிறேன். வாத்தியார் சொன்ன அளவை எடுப்பதற்கு முன்னர், துப்பாக்கியின் உடம்பைப் பத்து நிமிடம் பாருங்கள். சன்ன அறை வெறுமையாக இருப்பதை உறுதி செய்து, வாய்ப்பகுதியைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் கைப்பிடியைத் தாங்கும் ஆணியைப் பாருங்கள். புதிய துப்பாக்கிகளில் தளர்ந்திருப்பதாக நான் அடிக்கடி கண்டது அதைத்தான். வால்நட் மரக் கைப்பிடி குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் இறுக்கப்பட்டு, கொழும்பின் ஈரக் காற்றில் ஊதி, குளிரூட்டிய அறையில் மறுபடி சுருங்கும்போது, ஆணி இருந்த இடத்திலேயே இருந்தும் பிடி தளர்ந்துபோகும். ஒரு கையால் சட்டகத்தையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். அதன் பின்னர் பின்குறியின் இலையை நகத்தால் தள்ளிப் பாருங்கள், முன்குறியின் ஆணியையும் பாருங்கள்.

விசையின் எடையும் முக்கியம். விதிப்படி காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. முறையான சோதனை எடை இல்லாவிட்டால் அரைக் கிலோ சீனிப் பொதியை நூலால் கட்டி, விசையில் தொங்கவிட்டு, குழலை நிமிர்த்தியபடி தரையிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். பொதி தரையை விட்டு எழும்பும் வரை விசை விழக் கூடாது. போட்டியில் இந்த அளவு செல்லாது என்றாலும் வீட்டுக்குப் போதும். கழகத்தின் பழைய துப்பாக்கியையும் இதே விதமாக அளந்து பாருங்கள். பழையது கடினமாகவும் புதியது மெலிதாகவும் இருந்தால், உங்கள் விரல் இன்னும் பழைய விசையைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குள் தொழிற்சாலையின் சோதனை அட்டை ஒன்று, ஐந்து வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த சிறு துளையுடன், இருந்திருக்குமே. அதை எறிந்துவிட்டீர்களா?

பத்தாம் வளையம் (மட்டக்குளி)

இவ்வளவு அளவுகள் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வலக்கைக்காரர் ஒருவருக்கு ஏழு மணித் திசையில் விழுந்தால் அவர் விசையைப் பறிக்கிறார் என்று எல்லாச் சுடுதளங்களிலும் சுவரில் ஒட்டிய வட்டப்படம் சொல்கிறது. வெறும் துப்பாக்கியுடன் தினமும் நூறு முறை விசை இழுத்துப் பழகினால் போதும்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

அந்த வட்டப்படத்தைப் பல ஆண்டுகள் நானும் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், பின்னர் கழற்றிவிட்டேன். குறிகள் சரியாக அமைந்திருக்கின்றன, கைப்பிடி கைக்குப் பொருந்துகிறது, கூட்டம் சிறியது என்ற மூன்றும் முதலில் உறுதியான பின்னர்தான் அந்தப் படத்துக்குப் பொருள் உண்டு. உறுதியாகாத நிலையில் அதைப் பார்ப்பது காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமலே மருந்துக் கடைக்குப் போவதைப் போன்றது. வெறும் துப்பாக்கிப் பயிற்சி நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிழையான பிடியுடன் நூறு முறை இழுத்தால் பிழைதான் நூறு முறை பழகும்.

ஒற்றைக்கை (வெள்ளவத்தை)

வாத்தியார் ஐயாவுக்கும் கடைசல் அண்ணாவுக்கும் நன்றி. அளவுகளை எழுதுகிறேன்.

நின்று ஒற்றைக் கையால் சுட்ட நாற்பது வெடிகளில் கூட்டத்தின் நடு மையத்திலிருந்து இடப்பக்கம் 10 மி.மீ., கீழே 16 மி.மீ. தூரத்தில் நிற்கிறது. கூட்டம் வட்டமாக இல்லை. அகலத்தை விட உயரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, நின்று வைத்த முட்டையைப் போல இருக்கிறது. கைப்பிடியின் ஆணி உண்மையிலேயே தளர்ந்திருந்தது, கால் சுற்று இறுகியது. புதியதன் விசை சீனிப் பொதிக்கு விழவில்லை, ஒரு தேக்கரண்டி சீனியைக் கூடுதலாக வைத்ததும் விழுந்தது. கழகத்துப் பழைய துப்பாக்கியோ 700 கிராமுக்கு மேலும் அசையவில்லை. சோதனை அட்டை பெட்டியின் பஞ்சுக்கு அடியில் கிடைத்தது, அதில் ஒரே துளைதான்.

பஞ்சிகாவத்தைக் கடைசல்

நல்லது. இனித் துப்பாக்கியை உங்கள் கையிலிருந்து பிரித்துச் சோதிக்க வேண்டும். பழைய ஜீன்ஸ் காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, இரு முனையும் தைத்து, காய்ந்த மணலை முக்கால் பங்கு நிரப்புங்கள். கழகத்தின் அனுமதியுடன், பயிற்றுநர் அருகில் இருக்க, மேசையில் அமர்ந்து சுடுங்கள். மணற்பையில் சட்டகத்தின் அடிப்பகுதி மட்டும் படிய வேண்டும். குழலோ சிலிண்டரோ பையைத் தொட்டால் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும், பிறகு நாம் மணலைத்தான் அளந்துகொண்டிருப்போம். ஐந்து ஐந்தாக ஐந்து கூட்டங்கள் சுட்டுப் பாருங்கள். ஒரு கூட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சன்னத்தையும் மாற்றிப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் பேணி எங்கே இருந்தது?

ஒற்றைக்கை (வெள்ளவத்தை)

பேணி என் தோள்பையில்தான், அலுவலகத்துக்கும் சுடுதளத்துக்கும் காலி வீதி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது.

பஞ்சிகாவத்தைக் கடைசல்

அப்படியானால் மேசைச் சோதனைக்கு முன்னரே ஒரு வேலை செய்யுங்கள். கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் சற்றுச் சரிவாக வைத்து, சன்னங்களை ஒவ்வொன்றாக மேலிருந்து உருட்டிவிடுங்கள். சன்னத்தின் தலையும் பின்பாவாடையும் வெவ்வேறு விட்டம் கொண்டவை என்பதால் அது நேராக ஓடாது, சீரான ஒரு வளைவில் ஓடும். பாவாடை நசுங்கிய சன்னம் நொண்டிக்கொண்டு வேறு பாதையில் போகும். மென்மையான ஈயம், பேணி குலுங்கினாலே நசுங்கிவிடும். நசுங்கிய பாவாடை குழலுக்குள் காற்றைச் சமமாக அடைக்காது, அதனால் சன்னம் வாயை விட்டு வெளியேறும்போதே ஒரு பக்கம் தள்ளப்படும்.

புதிய பேணி வாங்கும்போது தலையின் அளவையும் பாருங்கள். 4.49, 4.50, 4.51 என்று மூடியில் எழுதியிருக்கும். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, உங்கள் குழல் எதை விரும்புகிறது என்பதை அட்டைதான் சொல்லும்.

ராகம்பூர் (தெமட்டகொட)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கொழும்பு வெப்பத்தில் காற்றழுத்தம் மாறுவதாலும் இப்படி நேருமா? என்னிடம் இருப்பது காபனீரொட்சைட்டு வாயுவில் இயங்கும் பழையது. அது மத்தியானத்தில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் சுடுகிறது.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

உங்களுடையதில் நேரும், அவருடையதில் இந்த அளவுக்கு நேராது. காபனீரொட்சைட்டின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது: 20 பாகையில் 57 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருப்பது 30 பாகையில் 72 பார் அளவுக்கு உயர்கிறது. 31 பாகையைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடும். நம்மூர் ஏப்ரல் மாதத்தில் அந்த எல்லையில்தான் நிற்கிறோம். வேகமாகச் சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். அழுத்தக் காற்றில் இயங்குபவற்றில் 200 பார் வரை நிரப்பினாலும், ஒழுங்காக்கி ஒன்று ஒவ்வொரு வெடிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு காற்றை விடுவதால் அந்தச் சிக்கல் குறைவு.

கணக்கிலும் பார்ப்போம். சன்னம் விநாடிக்கு 150 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால் 10 மீற்றரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் 22 மி.மீ. விழுகிறது. வேகம் 5 வீதம் குறைந்தால் விழும் தூரம் 2 மி.மீ. அளவுக்குத்தான் கூடும். வேகத்தால் மட்டும் 16 மி.மீ. தாழ வேண்டுமானால் அது 115 மீற்றருக்கு இறங்கியிருக்க வேண்டும், அதைக் காது கேட்டே சொல்லிவிடலாம். மேலும், வேகம் குறைந்தால் சன்னம் கீழே போகுமே தவிர இடப்பக்கம் போகாது.

ஒற்றைக்கை (வெள்ளவத்தை)

சனிக்கிழமை மேசைச் சோதனை நடந்தது. பஸ்ஸில் அலைந்த பேணியிலிருந்து சுட்ட கூட்டங்கள் விளிம்புக்கு விளிம்பு 14 மி.மீ. வரை பரந்தன. அவற்றில் ஒரு சன்னம் எப்போதும் தனியாக விலகி நின்றது. திறக்காத புதிய பேணியிலிருந்து சுட்ட ஐந்து கூட்டங்களில் நான்கு 8 மி.மீ. அளவுக்குள் அடங்கின. அடிமட்டத்தை நம்பாமல் மகனின் வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன். குழலில் குறை இல்லை என்று பயிற்றுநர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆறுதலும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

விசித்திரம் என்னவென்றால், மேசையில் வைத்துச் சுட்டபோதும் கூட்டம் 11 மி.மீ. தாழ்ந்தே இருந்தது. இடப்பக்கம் மட்டும் ஒரு மில்லிமீற்றர்தான்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

இதில் விசித்திரம் ஒன்றுமில்லை, பிழையை இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். மேசையில் வைத்துச் சுடும்போது விழும் இடம் கையில் சுடுவதிலிருந்து சற்று மாறலாம், எனவே ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்காகச் சண்டையிட வேண்டாம். ஆனால் தாழ்வின் பெரும் பகுதி மேசையிலும் இருக்கிறது, ஆகவே அது குறிகளின் அமைப்பு. இடப்பக்க விலகல் மேசையில் இல்லை, ஆகவே அது உங்கள் கை.

இப்போது திருகாணியைப் பற்றிப் பேசலாம். உங்கள் பின்குறியில் எச் என்ற எழுத்தும் ஓர் அம்பும் இருக்கின்றனவா? சன்னம் மேலே ஏற வேண்டும் என்று நினைத்து அந்த அம்பின் திசையில் திருப்பினீர்களா?

ஒற்றைக்கை (வெள்ளவத்தை)

ஆம். எச் என்றால் உயரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

அது உயரம்தான், அதில் பிழையில்லை. ஜெர்மன் மொழியிலும் உயரத்தைக் குறிக்கும் சொல் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் ஜெர்மன் தயாரிப்புகள் பலவற்றில் அந்த அம்பு "சன்னம் உயரத்தில் விழுகிறதா? அப்படியானால் இந்தப் பக்கம் திருப்பு" என்று சொல்கிறது. அதாவது அந்தப் பக்கம் திருப்பினால் சன்னம் இறங்கும். வேறு தயாரிப்பாளர்கள் சிலர் இதற்கு நேர்மாறாக, சன்னம் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் குறிப்பார்கள். எழுத்தை நம்பாதீர்கள். பத்துச் சொடுக்குகள் ஒரு பக்கம் திருப்பி, ஐந்து வெடிகள் சுட்டு, கூட்டம் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீற்றர் நகர்ந்தது என்று அளந்து, ஒரு சொடுக்கின் மதிப்பைக் கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுத்து என்னவாக இருந்தாலும் ஒன்று மட்டும் மாறாது: பின்குறி நகரும் பக்கமே சன்னமும் நகரும்.

தெஹிவளை நிலா

இடப்பக்க விலகலைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே நோயில் நானும் ஓராண்டு கிடந்தேன். 2018 இல் பெண்களுக்கான போட்டியையும் நாற்பது வெடிகளிலிருந்து அறுபதாக உயர்த்தியபோது, கடைசி இருபது வெடிகளில் என் கூட்டம் இடப்பக்கம் ஊர்ந்து போவதைக் கண்டேன். உடல் களைப்பு என்று நினைத்து உடற்பயிற்சி செய்தேன், பயனில்லை. காரணம் கைப்பிடி. எனக்கு வந்தது நடுத்தர அளவு, என் கைக்குத் தேவைப்பட்டதோ சிறியது.

தம்பி, கைப்பிடி முழுவதும் முகப்பவுடரை மெல்லிதாகத் தூவி, வழக்கம்போலப் பிடித்து, அரை நிமிடம் தூக்கி நின்று, பிறகு உள்ளங்கையைப் பாருங்கள். பெருவிரலின் அடிச்சதையிலும் சுண்டுவிரலின் பக்கத்து மேட்டிலும் பவுடர் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒட்டாத தீவு ஒன்று பெரிதாக இருந்தால் கைப்பிடி உங்கள் கையைத் தாங்கவில்லை. அடுத்து, சுட்டுவிரல் விசையை எந்த இடத்தில் தொடுகிறது என்று பாருங்கள். கைப்பிடி பெரிதானால் விரல் எட்டாது, நுனி மட்டும் படும். நுனியால் இழுக்கும் வலக்கை விசையைப் பின்னால் இழுப்பதோடு நில்லாமல் இடப்பக்கமும் தள்ளும். பழைய துப்பாக்கியின் 700 கிராம் விசையில் உங்கள் விரல் வேறு இடத்தில் படிந்திருக்கும்.

ஆனால் இன்றைக்கே அரத்தையும் அரத்தாளையும் எடுத்துவிடாதீர்கள். மரத்தைத் தேய்த்தால் திரும்ப வராது. விசையின் தகட்டை முன்பின் நகர்த்த ஓர் ஆணி இருக்கும். முதலில் தகட்டை இரண்டு மில்லிமீற்றர் பின்னால் கொண்டுவந்து ஒரு வாரம் சுடுங்கள், பயன் இல்லாவிட்டால் மட்டும் மரத்தில் கைவையுங்கள். அப்போதும் உள்ளங்கையைத் தாங்கும் தட்டை மேல்நோக்கி வளைத்துவிடாதீர்கள், மணிக்கட்டைத் தாங்கும்படி நீட்டியும்விடாதீர்கள். போட்டிக்கு முன் நடக்கும் உபகரணச் சோதனையில் துப்பாக்கியை ஒதுக்கிவிடுவார்கள்.

பத்தாம் வளையம் (மட்டக்குளி)

ஆக, கடைசியில் விரல்தானே? வட்டப்படம் சரிதான் போலிருக்கிறது.

தெஹிவளை நிலா

விரல்தான் அண்ணா, ஆனால் அது பறிக்கவில்லை, எட்டவில்லை. பறிக்கிறது என்று நினைத்திருந்தால் இன்னும் ஆறு மாதம் அந்த எட்டாத விரலாலேயே பயிற்சி செய்திருப்பார்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

நின்று வைத்த முட்டைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டத்தின் உயரம் அகலத்தை விட ஒன்றரை மடங்கு என்று எழுதினீர்கள். திருகாணியால் கூட்டம் இடம் மாறும், நீளாது. எட்டாத விரல் பக்கவாட்டில்தான் பரப்பும். மேலும் கீழுமாக நீளுவதற்கு மூச்சு, தோள் களைப்பு, முன்குறியின் உச்சி தெளிவாகத் தெரியாமை என்று மூன்று காரணங்களைத் தேடுவேன். உங்களுக்கு எத்தனை வயது? மூக்குக்கண்ணாடி அணிபவரா? அண்மையில் மாற்றினீர்களா?

ஒற்றைக்கை (வெள்ளவத்தை)

வயது 46. கண்ணாடி அணிகிறேன். மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்பதற்கும் படிப்படியாக மாறும் வில்லைகளை இரண்டு மாதங்களுக்கு முன்னர் போட்டேன். இப்போதுதான் உறைக்கிறது: துப்பாக்கி வந்த அதே மாதம்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்

இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு ஒன்றின்மேல் மட்டும் பழியைப் போட்டிருக்கிறீர்கள். அந்த வில்லையில் முன்குறி தெளிவாகத் தெரியும் பட்டி மிகக் குறுகியது. தலையைச் சற்று உயர்த்தினால் இலக்கு மங்கும், தாழ்த்தினால் குறி மங்கும். ஒவ்வொரு வெடிக்கும் தலை ஒவ்வொரு கோணத்தில் நிற்கும், அதுதான் முட்டை. ஊகத்தில் விட வேண்டாம். கழகத்துப் பழைய துப்பாக்கியைப் புதிய கண்ணாடியுடன் நாற்பது வெடிகளும், பழைய கண்ணாடியுடன் நாற்பது வெடிகளும் சுட்டுப் பாருங்கள். அதன் பின்னர் இலக்கு அட்டையைத் திருப்பி, கறுப்பு வட்டம் இல்லாத வெள்ளைப் பக்கத்தில் இருபது வெடிகள் சுடுங்கள். வெள்ளையில் கூட்டம் சுருங்கினால், நீங்கள் முன்குறியை விட்டுக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

பஞ்சிகாவத்தைக் கடைசல்

துப்பாக்கியே உண்மையில் பழுதாகும் நாளும் உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன். 2021 இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் துப்பாக்கியின் பாகம் பழுதடைந்து, பல நிமிடங்கள் கைவிட்டுப் போயின. 575 புள்ளிகளுடன் 12 ஆம் இடத்தில் நின்று இறுதிச் சுற்றை இழந்தார். 2024 இல் பரிஸ் ஒலிம்பிக்கில் அதே பிரிவில் வெண்கலம் பெற்றார். அப்படிப்பட்ட பழுது பொறி நின்றுபோவதாக வரும், மாதக்கணக்கில் ஏழு மணித் திசையில் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருக்காது.

இன்னொன்று. சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்த்தீர்களா? பெட்டி புதியது என்றாலும் சிலிண்டர் கிடங்கில் சில ஆண்டுகள் கிடந்திருக்கலாம். உயர்ந்த அளவு பத்து ஆண்டுகள்தான், அதைத் தாண்டினால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

ஒற்றைக்கை (வெள்ளவத்தை)

மூன்று வாரங்களுக்குப் பின்னர் எழுதுகிறேன்.

பழைய துப்பாக்கியைப் புதிய கண்ணாடியுடன் சுட்டேன், அங்கேயும் முட்டைதான். பழைய கண்ணாடியை அணிந்ததும் கூட்டம் ஏறக்குறைய வட்டமானது. வெள்ளை அட்டையில் இரண்டுக்கும் வேறுபாடு குறைந்தது, ஆகவே கறுப்பைப் பார்க்கும் பழக்கமும் எனக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண் பரிசோதகரிடம் துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது என்பதால், கண்ணிலிருந்து முன்குறி வரையுள்ள தூரத்தை நாடாவால் அளந்து துண்டில் எழுதிக் கொடுத்தேன். தூரப் பார்வைக்கான அளவுடன் 0.75 கூட்டி, ஒரே குவியம் கொண்ட வில்லை ஒன்றை வலக்கண்ணுக்கு மட்டும் செய்து தந்தார். முன்குறியின் உச்சி இப்போது சவர அலகால் வெட்டியதைப் போலத் தெரிகிறது. இலக்கு சற்று மங்கல், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாத்தியார் ஐயா தொலைபேசியில் சொன்னார்.

பின்குறியை எச் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பியதும் மேசைக் கூட்டம் மையத்துக்கு ஏறிவிட்டது. விசைத் தகட்டை இரண்டு மில்லிமீற்றர் பின்னால் எடுத்தேன். இடப்பக்க விலகல் 10 மி.மீ. அளவிலிருந்து 4 மி.மீ. அளவுக்கு வந்திருக்கிறது. பவுடர்ச் சோதனையில் உள்ளங்கை நடுவே தீவு இன்னும் தெரிகிறது, ஆகவே அடுத்த மாதம் நிலா அக்கா முன்னிலையில் மரத்தில் கைவைக்கலாம் என்று நினைக்கிறேன். சன்னப் பேணியை இப்போது பஞ்சு சுற்றிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். சிலிண்டரின் தேதியும் சரியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அறுபது வெடிகளில் 537 எடுத்தேன். பழைய துப்பாக்கியின் 540 இன்னும் எட்டவில்லை.

பஞ்சிகாவத்தைக் கடைசல்

மூன்று புள்ளிகளுக்காக மறுபடி திருகாணியைத் தொடாதீர்கள். கைப்பிடி ஆணியின் தலையிலிருந்து மரம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்திருந்தால் ஆணி தளர்ந்துவிட்டது என்று ஒவ்வொரு நாளும் பார்த்த உடனே தெரியும். வீட்டில் சிவப்பு நகப்பூச்சு இருக்குமே.

தெஹிவளை நிலா

சிவப்பு வேண்டாம், வால்நட் மரத்தின்மேல் அது கண்ணில் படாது. வெள்ளை பூசுங்கள்.